அக்காவின் சட்டக் கேள்விகள்

லெ பிளாங்-மெனில், பாரிஸ் புறநகர்
3 மார்ச் 2024

அன்புள்ள தம்பி குகதாசனுக்கு,

அக்கா அஜந்தா எழுதுகிறேன். அத்தானும் பிள்ளை மிருணாளினியும் நானும் சுகமாக இருக்கிறோம். உன் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிவிட்டார்களா? போன தடவை நீ அனுப்பிய படத்தில் கழுத்தெலும்பு தெரிந்தது. போடுகிறதைச் சாப்பிடு. ருசி பார்க்கிற இடமா அது.

உன் மேன்முறையீட்டை எடுத்துக்கொண்டார்கள் என்று வாசித்த அன்றைக்கு எனக்கு வேலையே ஓடவில்லை. லா சப்பலில் றெஜினா அக்காவின் புடவைக் கடையில்தான் இன்னும் பிளவுஸ் தைக்கிறேன். அவரிடமும் சொன்னேன். "அப்ப தம்பி வெளியிலை வந்திடுவாரே?" என்று கேட்டார். அமெரிக்கச் சட்டம் எனக்கு எங்கே விளங்கப்போகிறது. சின்னப்பிள்ளைக்குச் சொல்கிற மாதிரி நீதான் எழுத வேண்டும்.

அத்தானிடமும் சொன்னேன். "கள்ளனுக்கு எத்தினை கோர்ட் வேணும்?" என்றார். குறை நினைக்காதே. கோயில் நிர்வாக சபையில் உபதலைவரான பிறகு அவருக்கு எல்லாவற்றிலும் மானம்தான் பெரிது. போனில் கதைத்தால் வீட்டில் எல்லாருக்கும் கேட்கும். நீ கடிதமே எழுது.

அம்மாளாச்சி உன்னைக் காப்பாள்.
அக்கா

---

சிறை, பென்சில்வேனியா
9 ஏப்ரல் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பியின் வணக்கம். பல் போய்விட்டது, அதோடு இறைச்சி கடிக்கிற ஆசையும் போய்விட்டது. வேறு குறையில்லை. அத்தானுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். மருமகள் படிக்கிறாளா, அல்லது என்னைப் போலவா?

உங்கள் கடிதம் ஒரு மாதம் பிந்தித்தான் கையில் கிடைத்தது. தமிழில் வருவதை யாரோ ஒருவரிடம் கொடுத்து மொழிபெயர்த்துப் பார்த்த பிறகுதான் இங்கே தருவார்கள். ஒரு தமிழர் எங்கேயோ இருந்து என் பல்வலியையும் படித்துக்கொண்டிருக்கிறார். அவருக்கும் என் வணக்கம்.

வழக்கு இதுதான். அன்றைக்கு நான் கார் ஓட்டினேன், மற்ற இரண்டு பேரும் கடைக்குள் போனார்கள். கடைக்காரர் கத்த, ஒருவன் கூரையைப் பார்த்துச் சுட்டுவிட்டு ஒன்றும் எடுக்காமல் ஓடிவந்தான். ஒருவருக்கும் காயமில்லை. கொள்ளையடிக்க முயன்றதற்கு எனக்கு ஒரு தண்டனை. அதை முடித்துவிட்டேன். துப்பாக்கி வெடித்ததற்கு மேலதிகமாகப் பத்து வருடம். இப்போது ஓடுவது அந்தப் பத்து.

"வன்முறைக் குற்றம்" ஒன்றைச் செய்யும்போது துப்பாக்கி இருந்தால்தான் அந்தப் பத்து வருடம் செல்லும். கொள்ளையடிக்க முயல்வது மட்டும் அந்தச் சட்டப்படி வன்முறைக் குற்றம் ஆகாது என்று இங்கே உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. கொள்ளையடிக்கக் கிளம்புகிறவன் ஒருவரையும் தொடாமல், வெருட்டாமல், வாசலிலேயே பிடிபடலாம் அல்லவா? அதனால்தான். எங்கள் ஆள் சுட்டானே என்று கேட்பீர்கள். அதைப் பார்க்கமாட்டார்கள். நடந்தது என்ன என்று பாராமல், அந்தக் குற்றத்தைச் சட்டத்தில் எப்படி எழுதியிருக்கிறது என்று மட்டும் பார்ப்பார்கள். கத்தரிக்காயை வெட்டிப் பாராமல் சாக்கில் எழுதியிருப்பதை வாசித்து விலை சொல்கிற மாதிரி.

ஒரு சிக்கல் இருக்கிறது. குற்றத்தை ஒப்புக்கொண்ட அன்று, இனி மேன்முறையீடு செய்யமாட்டேன் என்று கையெழுத்து வைத்திருக்கிறேன். அது செல்லாது என்று என் வக்கீலம்மா வாதாடுகிறார். வென்றால் விடுவார்கள். விட்டதும், குடியுரிமை இல்லாதவன் என்று நாட்டுக்கு ஏற்றிவிடுவார்கள். சாவகச்சேரி வீடு பூட்டித்தானே கிடக்கிறது, அங்கே போய் இருப்பேன்.

உங்கள் அன்புத் தம்பி
குகன்

---

லெ பிளாங்-மெனில்
20 மே 2024

அன்புள்ள தம்பிக்கு,

நாங்கள் சுகம். கடையில் கல்யாணக் காலம், தைத்து முடியவில்லை. நீ மெத்தப் பருப்புச் சாப்பிடாதே, உனக்கு வாய்வு.

நீ எழுதியதை மூன்று தரம் வாசித்தேன். அப்படியென்றால் வன்முறை என்று எதைச் சொல்கிறார்கள்? சுட்டதே வன்முறை இல்லை என்றால் வேறு எது? விளக்கமாக எழுது. றெஜினா அக்காவும் கேட்கிறார்.

இன்னொன்று. இனிக் கடிதத்தைக் கடை முகவரிக்கு, என் பெயருக்குப் போடு. எங்கள் மாடிக்கட்டடத்தில் கடிதப்பெட்டியின் பூட்டு உடைந்திருக்கிறது. அத்தானுடைய பெயரை உறையில் எழுத வேண்டாம்.

நீ வென்று நாட்டுக்குப் போனால் நானும் பிள்ளையும் வந்து உன்னோடு இருக்கலாமா? லீவுக்கு இல்லை. இருக்க. உனக்கும் சமைத்துப்போட ஆள் வேண்டுமே, அதுதான் கேட்கிறேன்.

தெய்வம் கைவிடாது.
அக்கா

---

சிறை, பென்சில்வேனியா
1 ஜூலை 2024

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பியின் வணக்கம். நான் சுகம். வாய்வும் சுகம்.

அத்தானுடைய பெயரில்லாமல் உறை எழுத எனக்குக் கை கூசியது. "குடும்பத் தலைவன்ரை பேரைப் போடாமல் கடிதம் போடுறது ஆரடா?" என்று அப்பா பேசுவார். பூட்டைத் திருத்தியதும் எழுதுங்கள்.

வரலாமா என்று கேட்க வேண்டுமா? உங்களுக்கு இல்லாத வீடா. ஆனால் மருமகள் பிரெஞ்சு கதைத்துக்கொண்டு சாவகச்சேரியில் என்ன செய்வாள்? அத்தான் கோயிலை விட்டுவிட்டு வருவாரா? நீங்கள் பகிடி விடுகிறீர்கள் என்றுதான் நினைக்கிறேன். என்றாலும் அன்றைக்கு முழுக்க எனக்குச் சந்தோசமாக இருந்தது. எட்டாவது வருடத்தில் ஒரு மனுசனுக்கு இப்படி ஒரு நினைப்பு வந்தால் அதை விட்டு எழும்ப மனமில்லை.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். வன்முறை என்றால் பலத்தைப் பயன்படுத்த வேண்டும், அல்லது பயன்படுத்த முயலவோ வெருட்டவோ வேண்டும். அதுவும் ஏதோ ஒரு பலம் போதாது, உடம்புக்கு நோவையோ காயத்தையோ உண்டாக்கக்கூடிய பலமாக இருக்க வேண்டும். சும்மா தொட்டது ஆகாது. அதோடு தெரிந்து செய்ய வேண்டும், கை தவறிப் பட்டது ஆகாது. இது போதுமா? பாரிஸில் பிளவுஸ் தைக்கிறீர்களா, வக்கீல் படிப்புப் படிக்கிறீர்களா?

உங்கள் அன்புத் தம்பி
குகன்

---

லா சப்பல், பாரிஸ்
8 ஓகஸ்ட் 2024

அன்புள்ள தம்பிக்கு,

நாங்கள் சுகம். கடையில் இருந்தே எழுதுகிறேன். இந்த மாதக் கடைசியில் பிள்ளையார் தேர், தெருவெல்லாம் இப்போதே கொடி. அத்தானுக்குச் சபை வேலையில் மூச்சுவிட நேரமில்லை. எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள், மணிக்கட்டில் சுளுக்கு.

உன் வழக்கை வடிவாக விளங்கிக்கொள்ள வேண்டும் என்றுதான் இதையெல்லாம் கேட்கிறேன். ஒருவர் தள்ள, தள்ளுப்பட்டவர் போய் மேசை விளிம்பில் அடிபட்டால், அது யாருடைய பலம்? தள்ளினவருடையதா, மேசையுடையதா? குசினியில் ஒரு போத்தலை எடுத்து எறிந்து, அது ஆளில் படாமல் தலைக்குப் பக்கத்தில் சுவரில் பட்டு உடைந்தால் அது முயற்சி மட்டும்தானே? முயற்சி வன்முறை ஆகாது என்றுதானே உன் வக்கீலம்மா சொல்கிறார்? கையை ஓங்கிவிட்டு அடிக்காமல் சிரித்தால்? அதையே கனகாலமாகச் செய்துகொண்டிருந்தால்? பிறகு வந்து மன்னிப்புக் கேட்டால் கோர்ட் அதைக் கழித்துப் பார்க்குமா?

பதிலை ஆறுதலாக எழுது. உன் தீர்ப்பு எப்போது வரும் என்று மட்டும் கெதியாக எழுது.

அம்மாளாச்சி காப்பாள்.
அக்கா

---

சிறை, பென்சில்வேனியா
15 செப்டம்பர் 2024

அக்கா,

நான் சுகம். இந்தக் கேள்விகள் என் வழக்குக்குரியவை அல்ல. அமெரிக்காவில் ஒரு நீதிபதியும் குசினிப் போத்தலைப் பற்றி என்னிடம் கேட்கவில்லை. அத்தான் உங்களை அடிக்கிறாரா?

மொழிபெயர்க்கிறவர் இதையும் படிப்பார், படிக்கட்டும். எனக்கு வெட்கமாக இருக்கிறது. மேசை விளிம்பில் உங்கள் மணிக்கட்டு அடிபட்டிருக்கிறது, நான் வாய்வைப் பற்றிப் பகிடி எழுதியிருக்கிறேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஆளில் படாத சூடு வன்முறை அல்ல என்று நான் ஒரு நாளும் நினைத்ததில்லை. அந்தக் கடைக்காரர் வெளியே ஓடிவந்து நடைபாதையில் இருந்துகொண்டு நடுங்கியதை நான் காருக்குள் இருந்து பார்த்தேன். சட்டத்தில் ஒரு வழி திறந்திருக்கிறது, அதனால் நுழையப் பார்க்கிறேன். அது எனக்கு. போத்தல் சுவரில் பட்டாலும் உங்களுக்கு எறிந்ததுதான். என் வழக்கை வைத்து உங்கள் நோவை அளக்க வேண்டாம்.

பொலிசுக்குப் போங்கள். றெஜினா அக்காவிடம் சொல்லுங்கள். தீர்ப்பு எப்போது வரும் என்று ஒருவருக்கும் தெரியாது, என்னை நம்பி இருக்காதீர்கள். உடனே பதில் போடுங்கள்.

குகன்

---

லா சப்பல்
27 ஒக்டோபர் 2024

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதம் போன கிழமைதான் வந்தது. பிள்ளை சுகம். ஓம், அடிக்கிறார். எழுதியாகிவிட்டது, இனி எனக்குப் பாரமில்லை.

பொலிசுக்குப் போனேன். மணிக்கட்டோடு ஆஸ்பத்திரிக்குப் போனபோது, எத்தனை நாள் வேலை செய்ய ஏலாது என்று எழுத வேண்டும் என்றார் டொக்டர். அதை வைத்துத்தான் இங்கே அடியின் கனத்தைப் பார்ப்பார்களாம். நான் படியில் விழுந்தேன் என்று சொல்லிவிட்டேன். பிறகு மனம் கேட்காமல் பொலிஸ் நிலையத்துக்கும் போனேன். முறைப்பாடு கொடுக்கிறீர்களா, அல்லது நடந்ததைப் பதிந்து மட்டும் வைக்கவா என்று அங்கே இருந்த பொலிஸ்காரப் பெட்டை கேட்டாள். பதிந்து வைத்தால் அவரைக் கூப்பிட்டு விசாரிக்கமாட்டார்கள் என்று நினைத்து அதற்கே கையெழுத்து வைத்தேன். அக்காவும் தம்பியும் கையெழுத்து வைக்கிறதில் கெட்டிக்காரர்.

தேரன்று அவர் வேட்டி சால்வையோடு முன்னுக்கு நின்று வடம் பிடித்தார். சனமெல்லாம் கும்பிட்டது. அவர் அடிக்கிறார் என்று நான் சொன்னால் யார் நம்புவார்கள்? மிருணாளினி மட்டும் ஒரு நாள் என் கையைப் பிடித்துக்கொண்டு "சா சுஃபி, மமோன்" என்றாள். போதும் அம்மா என்று அர்த்தம். அவளுக்கு வரும் ஆனியில் பள்ளிக்கூடச் சோதனை. அதுவரைக்கும் வீடு குழம்பக்கூடாது.

உன் தீர்ப்பு வரட்டும். நீ நாட்டில் இருக்கிறாய் என்றால் நான் பிள்ளையோடு வெளிக்கிடுவேன். போய் நிற்க ஒரு வாசல் இருந்தால்தான் எனக்குக் கால் எழும்பும். என்னை நம்பாதே என்று எழுதுகிறாய். வேறு யாரை நம்பச் சொல்கிறாய்?

ஒன்றை மட்டும் கேள். அவருக்கு ஒரு வரியும் எழுதிவிடாதே. நான் உனக்கு எழுதுவதே அவருக்குத் தெரியாது.

அக்கா

---

சிறை, பென்சில்வேனியா
20 நவம்பர் 2024

மதிப்புக்குரிய அத்தான் ஸ்ரீஸ்கந்தராசா அவர்களுக்கு,

மைத்துனன் குகதாசன் பணிவான வணக்கத்துடன் எழுதுவது. உங்கள் தேகசுகத்துக்கு இறைவனை வேண்டுகிறேன். இரண்டு மாதமாக அக்காவிடமிருந்து பதில் இல்லாததால் மனம் பொறுக்காமல் எழுதுகிறேன்.

நான் பெண் கொடுத்த வீட்டுக்காரன். குரலை உயர்த்திக் கதைக்க எனக்கு உரிமையில்லை, இருக்கிற இடமும் அதற்கு ஏற்றதில்லை. அக்கா உங்களைப் பற்றி ஒரு குறையும் சொல்லவில்லை. கடையிலிருந்து அவர் எழுதிய கடிதத்தில் கேட்ட சில கேள்விகளை வைத்து நானாகத்தான் ஊகித்தேன். பிழையாக இருந்தால் மன்னியுங்கள். சரியாக இருந்தால், நீங்கள் சபையில் பெரிய மனிதர், நாலு பேருக்குப் புத்தி சொல்கிறவர். அக்கா மேல் கை வைக்காதீர்கள். காலில் விழுந்து கேட்கிறேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மரியாதையாகச் சொன்னால் நீங்கள் கேட்பீர்கள் என்று நம்புகிறேன்.

தங்கள் பணிவுள்ள
குகதாசன்

---

சிறை, பென்சில்வேனியா
12 டிசம்பர் 2024

அக்கா,

உங்கள் ஒக்டோபர் கடிதம் இன்றைக்குத்தான் கைக்கு வந்தது. அவருக்கு எழுதாதே என்று நீங்கள் எழுதியதை, எழுதிவிட்டு வாசிக்கிறேன்.

உங்களைக் காட்டிக்கொடுக்கவில்லை என்று நினைத்துக்கொண்டு, நீங்கள் கடையிலிருந்து எழுதியதையும் அதில் சொல்லிவிட்டேன். உங்கள் போனுக்கு எடுத்தேன், அந்த இலக்கம் பாவனையில் இல்லை என்கிறது. றெஜினா அக்காவின் இலக்கத்தை, நான் போன் எடுக்கக்கூடியவர்களின் பட்டியலில் சேர்க்கக் கேட்டிருக்கிறேன், அனுமதி வரவில்லை. இது கிடைத்தால் வீட்டுக்குப் போக வேண்டாம். பிள்ளையைக் கூட்டிக்கொண்டு றெஜினா அக்கா வீட்டுக்குப் போங்கள். சோதனை பிறகு எழுதலாம்.

றெஜினா அக்கா, இதை முதலில் நீங்கள் பிரித்தால், தயவுசெய்து அக்காவைத் தனியே விடாதீர்கள்.

குகன்

---

லெ பிளாங்-மெனில்
14 ஜனவரி 2025

தம்பி குகதாசனுக்கு,

ஆண்டவன் புண்ணியத்தில் நாங்கள் நலம். உமக்குத் தைப்பொங்கல் வாழ்த்துகள். இன்றைக்குக் கோயிலில் விசேச பூசை, அது முடிந்து வந்துதான் எழுதுகிறேன்.

உமது கடிதம் கிடைத்தது. கடைக்கு வந்த கடிதமும் கிடைத்தது. றெஜினா நல்ல மனுசி. ஒரு குடும்பத்துக்குள் நடக்கிற விசயத்தில் தன் கை படக்கூடாது என்று பிரிக்காமலே கொண்டுவந்து தந்தார். தையல் பெட்டிக்குள் இருந்த பழையவற்றையும் வாசித்தேன். நல்ல தமிழ் எழுதுகிறீர்.

துவக்குச் சூட்டு வழக்கில் உள்ளே இருக்கிற ஒருவர் எனக்கு ஒழுக்கம் எழுதுவதை நான் பெரிதாக எடுக்கவில்லை. ஆனால் உமது சட்ட விளக்கம் எனக்குப் பிடித்தது. ஆளில் படாதது வன்முறை இல்லை என்று உம்முடைய வக்கீலே வாதாடுகிறார். எனக்கும் அதே சட்டம் போதும்.

அஜந்தா கடையிலிருந்து நின்றுவிட்டாள். அவளுக்கு ஓய்வு தேவை. பிள்ளை வில்லியே லே பெல்லில் என் தம்பி வீட்டில் நின்று படிக்கிறாள். அங்கே அமைதி. இனி எழுதுவதானால் முறைப்படி என் பெயருக்கு எழுதும். அவளுக்கு வாசித்துக் காட்டுவேன்.

இப்படிக்கு
இ. ஸ்ரீஸ்கந்தராசா

---

சிறை, பென்சில்வேனியா
6 மார்ச் 2025

திரு. இ. ஸ்ரீஸ்கந்தராசா மேற்பார்வை
அஜந்தா அக்காவுக்கு,

தம்பியின் வணக்கம். நான் சுகம். இங்கே பனி கரைகிறது.

தீர்ப்பு வந்துவிட்டது. என் குற்றம் வன்முறையா இல்லையா என்று அவர்கள் பார்க்கவேயில்லை. மேன்முறையீடு செய்யமாட்டேன் என்று கையெழுத்து வைத்தவன் இப்போது வந்து கேட்க முடியாதாம். இதற்கு மேல் போக இடமில்லை என்று வக்கீலம்மா சொல்லிவிட்டார். சொல்லும்போது அவருக்குக் கண் கலங்கியது. எனக்கு ஒன்றும் வரவில்லை. உங்களுக்கு இதை எப்படி எழுதுவது என்றுதான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

நான் வரமாட்டேன், அக்கா. சாவகச்சேரி வாசலில் நான் நிற்பேன் என்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம். வாசல் இல்லாமலே வெளிக்கிட முடிந்தால் வெளிக்கிடுங்கள். இதை யார் வாசித்தாலும் எனக்குப் பரவாயில்லை.

அத்தான், நீங்கள்தான் இதை முதலில் வாசிப்பீர்கள் என்று தெரியும். முழுவதையும் வாசித்துக் காட்டமாட்டீர்கள் என்றும் தெரியும். உங்களிடம் வேறு ஒன்றும் கேட்கவில்லை. அவருடைய கையால் ஒரு வரி எழுதுவித்து அனுப்புங்கள். "சுகம்" என்று மட்டும் எழுதினால் போதும். பொய் என்று எனக்குத் தெரியும். அக்கா உயிரோடு இருக்கிறார் என்று அந்த எழுத்தைப் பார்த்து நான் தெரிந்துகொள்வேன்.

குகதாசன்